காலி என்று நான் எழுதிய பீரங்கி

யான்பு எண்ணெய் ஆலையில் நாற்பது மீட்டர் கோபுரத்தை நிமிர்த்தி வைத்தவன் நான். அபுதாபிப் பாலைவனத்தில் கிணறு தோண்டும் மேடையைக் கழற்றாமல் முழுசாக நகர்த்தியவன் நான். ஷார்ஜாவில் ஒரு பள்ளிவாசல் கும்மட்டத்தைக் காற்றடிக்கிற நாளில், விரல் அகலம் பிசகாமல் சுவர்மேல் உட்கார வைத்தேன். பளு தூக்கும் ஒரு செயின் பிளாக்கும், சாமானைச் சுற்றிக் கட்ட இரண்டு ஸ்லிங்கும் வைத்து அல் குசைஸில் தகரக் கொட்டகையில் ஆரம்பித்த பட்டறைக்கு இன்றைக்குச் சொந்தக் கிரேன் நான்கு. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை.

இதையெல்லாம் முந்தைய வாரங்களில் விரிவாகவே எழுதிவிட்டேன். என் எழுத்துப்பிழைகளைத் திருத்த இந்தப் பத்திரிகையில் ஒரு தம்பி இருக்கிறார். பிழையைத் திருத்துங்கள், விஷயத்தைத் தொடாதீர்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வாரம் அவருக்குக் கை அரிக்கும். நான் தப்பு செய்த கதை இது.

அந்தத் தப்பிலிருந்து ஆட்களைக் காப்பாற்றியவனும் நான்தான். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பதினோரு மணி

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஜூன் மாதம். உம் அல் குவைனைத் தாண்டி ஒரு கழிக்கரை. கடல் உள்ளே வந்து போகும் இடம். அங்கே மரப்படகு கட்டிய பழைய பட்டறை ஒன்று இருந்தது. அந்த இடத்தில் ஹோட்டல் வரப்போகிறது என்றார்கள். அங்கே கிடக்கிற இரும்பு முழுவதையும் மூன்று நாளில் அள்ளி எடுத்துப் போக வேண்டும் என்பது எங்களுக்குக் கிடைத்த வேலை.

அன்று மூன்றாவது நாள். கோடையில் பன்னிரண்டரை மணிக்கு மேல் வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் பன்னிரண்டரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன்.

கன்டெய்னர் நிழலில் நின்று டிரெய்லர்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது குல் கான் வந்தான். பட்டறை முதலாளி அபு ராஷித்தின் டிரைவர். பட்டாணி இனத்தவன். வேலையாட்களுக்கென்று முதலாளி கொடுத்துவிட்ட தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தோளில் வைத்திருந்தான். இருநூறு அடி தள்ளி, மணல் மேட்டுக்கு அந்தப்புறம் தீப்பொறி பறப்பதைப் பார்த்தான்.

அங்கே என்ன வெட்டுகிறீர்கள் என்று கேட்டான். பீரங்கியை என்றேன்.

அர்பாப் உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டான். அர்பாப் என்றால் இங்கே முதலாளி.

“காலி ஹைனு சொன்னார்,” என்றேன்.

பெட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

“காலி ஹை நஹி, பாய். கல்லீஹ். கல்லீஹ் போலா. சோட் தோ!”

அரபியில் கல்லீஹ் என்றால் அதை விட்டுவிடு, தொடாதே. அவன் இந்தியில் சொன்ன சோட் தோவும் அதேதான். இந்தியில் காலி ஹை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. உள்ளே குண்டு இருக்கிறது என்று அர்பாபின் தகப்பனார் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். குல் கான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் போன் மணலில் கிடந்தது.

நான் எதை நோக்கி ஓடினேன் என்று தெரிந்தால்தான் உங்களுக்கும் நெஞ்சு அடிக்கும். அதனால் அந்தச் சாமானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பி.எல்.

பதினேழு அடி நீளம். வாய் நாலு அங்குலம். உப்புக் காற்றில் மேல்தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. படகுகளைக் கரைக்கு இழுக்கிற வின்சுக்கு ஒரு முளை வேண்டுமே, அதற்காக அதைப் பாதி மணலில் புதைத்து, நடுவில் சங்கிலி கட்டி வைத்திருந்தார்கள். எத்தனையோ படகு அதைப் பிடித்துக் கரையேறியிருக்கிறது. ஒரு நாளும் அது அசையவில்லை.

வாயில் யாரோ சிமெண்டு அடைத்திருந்தார்கள். பின்பக்கம் இருக்கிற கதவு துருவேறி இறுகிப் போயிருந்தது. இரண்டு பக்கமும் அடைப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

இரண்டாம் நாள் மணலைத் தோண்டி, ஸ்லிங் போட்டு, கிரேனால் தூக்கி ஸ்லீப்பர் கட்டைகள்மேல் வைத்தோம். கம்பி பிரஷ் போட்டு நான் பின்தலையைத் தேய்த்தேன். இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. அதில் பி.எல். என்ற இரண்டு எழுத்தும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. வளைகுடாவில் சரக்கோடு புழங்குகிறவனுக்கு பி.எல். என்றால் கப்பல் சரக்குச் சீட்டு. அட, வெள்ளைக்காரன் சீட்டை இரும்பிலேயே வெட்டி அனுப்பியிருக்கிறானே என்று ஆட்களிடம் சொன்னேன். சிரித்தார்கள்.

மரியம் என்ற அரபுப் பெண் பிறகு எனக்கு விளக்கினார். அருங்காட்சியகத்துக்குப் பழைய சாமான் சேகரிக்கிற உத்தியோகம் அவருக்கு. இந்தி நன்றாகப் பேசுவார். பின்பக்கமாகத் திறந்து குண்டு போடுகிற வகைக்குத்தான் அந்த இரண்டு எழுத்தாம்.

எழுத்துக்குப் பக்கத்தில் எடையும் வெட்டியிருந்தது. பழைய இங்கிலீஷ் நிறைக் கணக்கு. நம் கணக்கில் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. தன் எடையைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிற சாமான் எனக்குப் பிடிக்கும். பின்னால் இதைத் தூக்கப்போகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் போர்க்கப்பலுக்காகச் செய்ததாம் அது. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக நாலு அங்குல வாய் அவர்களுக்குப் பற்றாமல் போய்விட்டது. கழற்றி வைத்துவிட்டார்கள். பெரிய சண்டை வந்தபோது சரக்குக் கப்பலின் பின்தளத்தில் பூட்டினார்கள், நீர்மூழ்கியை விரட்டுவதற்கு. சண்டை முடிந்ததும் மறுபடி கிடங்கு. இரண்டாவது சண்டையில் இன்னொரு சரக்குக் கப்பல். கப்பல் மாறிக்கொண்டே இருந்தது, பீரங்கி அதுவேதான். விசா மாற்றி விசா மாற்றி இங்கேயே கிடக்கிற நம்மாட்கள் மாதிரி என்று மரியத்திடம் சொன்னேன்.

கடைசிக் கப்பல் எது என்று யாருக்கும் தெரியவில்லை. மணல்திட்டில் ஏறி நின்றுபோன கப்பல் என்றும், அதிலிருந்து படகுக்காரர்கள் கழற்றிக்கொண்டு வந்தார்கள் என்றும் அபு ராஷித் வீட்டில் ஒரு பேச்சு. அதைக் கொண்டுவந்த அன்றிலிருந்து அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே சொல்தான். கல்லீஹ். நெருப்பு மூட்டாதே, சுத்தியலால் தட்டாதே, விட்டுவிடு.

இத்தனை வருஷம் அந்த ஒரு சொல் எல்லோரையும் காப்பாற்றியிருக்கிறது. அதை இந்தியில் கேட்கிற ஒருத்தன் வருகிற வரைக்கும்.

இரண்டு மொழியும் சொன்ன சாட்சி

அன்று காலை அபு ராஷித் வந்தார். எழுபது வயது. வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, கைத்தடியைப் பீரங்கிப் பக்கம் நீட்டி அந்தச் சொல்லைச் சொன்னார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன். போய்விட்டார்.

உங்களுக்கு அரபி தெரியாதா என்று கேட்பீர்கள். வேலைக்கு வேண்டிய அரபி எனக்கு அத்துப்படி. ஆனால் இங்கே வயதான அரபிகள் நம்மாட்களிடம் இந்தியில்தான் பேசுவார்கள். அபு ராஷித்தும் அந்த இரண்டு நாளும் என்னிடம் இந்திதான் பேசினார். அதனால் என் காது இந்திக்குத் தயாராக இருந்தது. போதாததற்குத் தமிழிலும் காலி என்றால் காலிதானே. இரண்டு மொழி ஒன்றாகச் சாட்சி சொன்னால் மூன்றாவதை யார் விசாரிப்பார்கள்?

இந்த மாதிரி சொல்லிடம் நான் முன்பே ஒரு தடவை ஏமாந்தவன். சவூதிக்கு வந்த முதல் வாரம், ரியாத் பத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். குபூஸ் ரொட்டி கேட்டேன். கடைக்காரன் “மாஃபி” என்றான். பம்பாயில் ஏஜெண்டு ஆபீஸ் வாசலில் நாலு மாதம் கிடந்ததில் கொஞ்சம் இந்தி ஒட்டியிருந்தது. இந்தியில் மாஃபி என்றால் மன்னிப்பு. நேரமாகும், மன்னித்துக்கொள் என்கிறானாக்கும், நல்ல மனுஷன் என்று நினைத்துப் பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம். அரபியில் மாஃபி என்றால் இல்லை. கடையே சிரித்தது.

அதற்குப் பிறகு எந்தச் சொல்லும் என்னை ஏய்க்க முடியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பத்தாவில் போனது ஒரு ரொட்டி. இங்கே போகப்பார்த்தது செல்வத்தின் உயிர்.

செல்வம் என் கேஸ் கட்டர்காரன். பரமக்குடிப் பக்கம். பதினாலு வருஷமாக என்னிடம் இருக்கிறான். முழு நீளமாக எங்கள் டிரெய்லரில் ஏறாது, மூன்று துண்டாக்கு, கனமான பின்தலையை முதலில் வெட்டு என்று அவனிடம் சொன்னேன். அவன் பீரங்கியைச் சுற்றிவந்து ஒரு கேள்விதான் கேட்டான்.

“உள்ள எதுவும் இல்லையேண்ணே?”

சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். பின்தலைமேல் பெரிதாகக் காலி என்று தமிழில் எழுதினேன்.

“படிச்சுக்க,” என்றேன்.

அந்தக் கதவுக்கு முன்னால்தான் வெடிமருந்து இருக்கும் என்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செல்வம் என்னைத் தேடி வந்தான். மேல் உறை வெட்டுப்பட்டுவிட்டதாம், அதற்குக் கீழே இரும்பு ஏடு ஏடாக இருக்கிறதாம், நெருப்பு இறங்க மாட்டேன் என்கிறதாம். டார்ச்சுக்குப் பெரிய மூக்கு மாட்டட்டுமா என்று கேட்டான். மாட்டு, பன்னிரண்டரைக்குள் முடி என்று சொல்லி அனுப்பினேன். போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் குல் கான் வந்தான்.

சாவி

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மணலில் காலை எடுத்து வைத்தால் பாதி பின்னால் போகிறது. கத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. செல்வம் காதில் பஞ்சு வைத்திருப்பான், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. டார்ச்சைப் பிடித்துக் குனிந்துவிட்டால் பக்கத்தில் லாரி கவிழ்ந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். அப்படிப் பழக்கியவனும் நான்தான்.

மேட்டில் ஏறியபோது மூன்று விஷயம் கண்ணில் பட்டது. செல்வம் பின்தலையை ஒட்டிக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஐம்பதடி இந்தப்பக்கம், எனக்குக் கிட்டத்தில், கேஸ் பாட்டில் வண்டி நிற்கிறது. பீரங்கியின் வாய்க்கு நேர் எதிரே மதிய ஓய்வுக் கூடாரம். விடியற்காலையே வேலை தொடங்கிய வேறு கம்பெனி ஆட்கள் முப்பது நாற்பது பேர் சாப்பாட்டுத் தூக்கோடு அதற்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அவனிடம் ஓடுவதா, பாட்டிலிடம் ஓடுவதா? யோசிக்கவே இல்லை. பாட்டில்.

பாட்டிலைத் திறந்து மூட ஒரு சாவி உண்டு. அது பாட்டில்மேலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் தொலைந்துபோகிறது என்று எல்லா சைட்டிலும் ஆட்கள் அதைப் பையில் போட்டுக்கொள்வார்கள். என் கம்பெனியில் மட்டும் சாவியைக் கம்பி போட்டு வண்டியோடு கட்டியிருக்கும். நான் போட்ட உத்தரவு. அண்ணன் சாவிக்கும் ஸ்லிங் போடுறாருடா என்று ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வது எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தச் சாவி செல்வத்தின் பையில் இருந்திருந்தால், இந்த அத்தியாயத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அசிட்டிலீனை மூடினேன். பிறகு ஆக்சிஜன். டார்ச் டப்பென்று ஒரு சத்தம் போட்டு அணைந்தது. டார்ச்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

செல்வம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பினான்.

“எவன்டா கேஸை மூடுனது?”

என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

“என்னண்ணே?”

“காலி இல்லடா. வா.”

அவன் அந்த எழுத்தைப் பார்த்தான். வெட்டுப்பட்ட இடம் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சாக்பீஸ் எழுத்து. பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. டார்ச்சை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

சூடு

நெருப்பை நிறுத்தியாயிற்று. சூடு நிற்கவில்லை. கனமான இரும்பில் வெளியே நெருப்பை எடுத்த பிறகும் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெல்டிங் போட்ட கனத்த பைப்பைத் தொட்டுச் சூடு பட்டவனுக்கு அது தெரியும்.

பின்கதவின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி வெள்ளைப் புகை வந்தது. கருகின மசகு வாடை. பழைய கிரீஸ் எரிகிறதா, மருந்தா? முகர்ந்து பார்த்துச் சொல்ல எங்களுக்கு அந்தப் படிப்பு இல்லை.

“ஓடிருவோம்ணே,” என்றான் செல்வம்.

கூடாரத்தைக் காட்டினேன். அவனுக்குப் புரிந்தது. அவர்களை மணல் மேட்டுக்குப் பின்னால் விரட்டிக்கொண்டு போ, கேட்காதவனை அடித்து இழுத்துக்கொண்டு போ என்று சொல்லி அவனை அனுப்பினேன். ஓடினான். கூடாரத்தில் ஒருவன் தூக்கைத் திறந்து சோற்றில் கை வைத்திருந்தான். அவர்கள் எழுந்து வர எத்தனை நேரம் ஆகும்?

நாங்கள் ரிக்கர்கள். கனமான சாமானுக்குக் கயிறு போட்டு, கிரேன்காரனுக்குக் கை காட்டுகிறவர்கள். எங்களுக்கு எந்தத் தொல்லை வந்தாலும் ஒரே வழிதான் தோன்றும். தூக்கி வேறு இடத்தில் வை.

பீரங்கி உருண்டுவிடாமல் இருக்க ஸ்லிங்கைக் கழற்றாமலே வைத்திருந்தேன். கொக்கி மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வேறு ரிக்கராக இருந்தால் லேசாக இருக்கிறதென்று துணி பெல்ட் போட்டிருப்பான். அந்தச் சூட்டில் அது உருகியிருக்கும். நான் இரும்புக் கம்பி ஸ்லிங் போட்டிருந்தேன். கிரேனுக்கு இடப்பக்கம் முப்பதடியில் கழி. தண்ணீர் ஏறி நின்ற நேரம்.

கிரேன் ஓட்டுகிறவர் காதர் பாய், தொண்டிக்காரர். என் வயதுதான். ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார். ஒளிக்காமல் சொன்னேன்.

“காதர் பாய், அதுக்குள்ள மருந்து இருக்கு போல. இறங்கி ஓடுறதா இருந்தா ஓடுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

பீரங்கியைப் பார்த்தார். கூடாரத்தைப் பார்த்தார். பாதிப் பேர் இன்னும் உள்ளேயே இருந்தார்கள்.

“நீங்க கிரேன் ஓட்டுவீங்களா?”

“மாட்டேன்.”

“நாலு கிரேன் வச்சிருக்கீங்க,” என்றார். பிறகு, “சரி, முன்னாடி போய் நில்லுங்க. கையைத் தெளிவாக் காட்டுங்க. நடுக்கம் காட்டாதீங்க.”

தண்ணீர்

தொங்குகிற சாமான் சுற்றாமல் இருக்க ஒரு ஆள் கயிறு பிடிக்க வேண்டும். ஆள் இல்லை. சூடு ஏறாத வாய்ப்பக்கம் கட்டியிருந்த கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டேன். வலது கையால் கிரேனுக்குச் சைகை. இப்படி ஒரு கையால் தூக்குகிறவனை என் சைட்டில் பார்த்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வட்டம் போட்டேன். கம்பி முறுக்கேறியது. ஸ்லீப்பர் கட்டை முனகியது. இரண்டு டன் எழும்பியது.

கையை இடப்பக்கம் நீட்டினேன். காதர் பாய் திருப்பினார். மெதுவாக, குழந்தையைத் தொட்டிலோடு நகர்த்துகிற மாதிரி. அவசரப்பட்டால் ஆடும். ஆடினால் எதிலாவது இடிக்கும். புகை இப்போது நூலாக இல்லை, கயிறாக வந்தது.

பாதி தூரத்தில் காற்று அடித்தது. பீரங்கி தன்பாட்டுக்குச் சுற்றத் தொடங்கியது. கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. அதன் வாய் கூடாரத்தை விட்டு விலகி, மணல் மேட்டைக் கடந்து, கிரேன் கண்ணாடியைக் கடந்து வந்து என் நெஞ்சுக்கு நேரே நின்றது. சிமெண்டு அடைத்த நாலு அங்குல வாய். அது நின்ற நேரத்தில் நான் கையை இறக்கியிருந்தால் காதர் பாய் கிரேனை நிறுத்தியிருப்பார். கை இறங்கவில்லை. நீட்டியது நீட்டியபடியே இருந்தது. அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்? அது என்னைக் கடந்து கடல் பக்கம் திரும்பியது.

கட்டை விரலைக் கீழே காட்டினேன்.

பின்தலை தண்ணீரைத் தொட்டதும் எழுந்த சீறலில் கரையோரம் நின்ற பறவையெல்லாம் பறந்துவிட்டது. ஆவி வந்து கொக்கியை மறைத்தது. கிரேனை மறைத்தது. காதர் பாய்க்கு என் கை தெரியவில்லை. தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும் என்பதுதான் சட்டம். அவர் நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் என் கையைப் பார்த்த பழக்கத்தில், நான் என்ன காட்டிக்கொண்டிருப்பேன் என்று ஊகித்துக் கம்பியை விட்டுக்கொண்டே இருந்தார். கம்பி தளர்ந்தது. அடியில் உட்கார்ந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் மேட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்தோம். அங்கே நாற்பது பேர் படுத்திருந்தார்கள். தூக்கைத் திறந்தவன் தூக்கோடு வந்திருந்தான். குமிழி வந்துகொண்டே இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு நின்றது.

செல்வம் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் தொங்கிய தோலைப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுற்றினான்.

உள்ளே இருந்தது

அரசாங்கத்துக் குண்டு நிபுணர்கள் வந்தார்கள். பாதையை அடைத்தார்கள். எங்களை மூன்று நாள் பக்கத்தில் விடவில்லை. கடைசியில் திறந்தார்கள்.

உள்ளே முழுக் குண்டு ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் துணிப்பையில் மருந்து. எந்தக் காலத்திலோ, எந்தக் கப்பலிலோ, யாரோ நிரப்பிவிட்டு, சுடவும் இல்லாமல் எடுக்கவும் இல்லாமல் போயிருக்கிறான். துணிப்பையில், செல்வம் வெட்டிய பக்கம் மட்டும் பழுப்பாக இருந்ததாம். இஸ்திரிப் பெட்டி ஒரு நொடி கூட நின்றால் வேட்டியில் விழுமே, அந்த நிறம்.

பிழைத்ததற்கு என்ன காரணம் என்று மரியம் எனக்குச் சொன்னார். அந்தப் பீரங்கி ஒரே இரும்பு இல்லை. உள்ளே ஒரு குழாய், அதன்மேல் தட்டையான எஃகுக் கம்பியை மைல் கணக்கில் இழுத்து இழுத்துச் சுற்றி, அதற்குமேல் உறை போட்டிருக்கிறார்கள். செல்வம் ஏடு ஏடு என்று சொன்னது அந்தக் கம்பியைத்தான். ஒரே இரும்பாக இருந்திருந்தால் நெருப்பு நேரே இறங்கியிருக்கும். கம்பிச் சுற்றில் ஒவ்வொரு ஏடாகத் தட்டித் தட்டி நின்றிருக்கிறது. என் வாழ்நாள் முழுக்க எனக்குச் சோறு போட்டது கம்பிதான், அன்றைக்கும் அதுதான் கூட நின்றது என்று மரியத்திடம் சொன்னேன்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். வெட்டச் சொன்னது யார் என்று கேட்டார். செல்வம் தரையைப் பார்த்தான். நான் என்றேன். தண்ணீரில் இறக்கச் சொன்னது யார்? அதுவும் நான் என்றேன். முதல் பதிலை அவர் எழுதிக்கொண்டார். இரண்டாவதை எழுதியதாக நான் பார்க்கவில்லை.

அபு ராஷித் வந்து என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். இனிமேல் நான் உன்னிடம் அரபி பேசினால் ஏனென்று என்னைக் கேள் என்று இந்தியில் சொன்னார். அவர்தான் பீரங்கியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

பலகை

இந்த வருஷம்தான் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மரியம் இப்போது அங்கே வேலையில் இல்லை. போன மாதம் என் மகள் கவிதாவோடு போனேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரியாத இங்கிலீஷ் அவ்வளவும் அவளுக்குத் தெரியும்.

கறுப்புச் சாயம் அடித்து, விளக்குப் போட்டு, மரத்தாங்கியில் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை மாதிரி இருந்தது. முன்னால் அரபியிலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை. கவிதா படித்துச் சொன்னாள். எந்த நாட்டில் செய்தது, என்ன வகை, யார் குடும்பம் கொடுத்தது, யார் செலவில் சாயம் அடித்தது எல்லாம் இருந்தது.

கடைசி வரியில் நிறுத்தினாள்.

“பின்னாடி இருக்குற தழும்பு போர்ல பட்ட அடின்னு போட்டிருக்காங்கப்பா.”

இன்னொரு தடவை படி என்றேன். படித்தாள். அப்படித்தான் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அந்தத் தழும்புக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் போய்ச் சொல்லப்போனேன். அப்பா, வேணாம்ப்பா என்று கவிதா கையைப் பிடித்துக்கொண்டாள். காவலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அருங்காட்சியகத்து ஐயாக்களே, அம்மாக்களே. என்னிடம் இருக்கிற மொழியில் எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் வைத்திருப்பீர்கள். நல்ல ஆளாகப் பார்த்து வையுங்கள், ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அது போரில் பட்ட அடி இல்லை. எந்த எதிரியும் அந்தப் பீரங்கியைத் தொடவில்லை. அது பரமக்குடி செல்வம் என் பேச்சை நம்பி வெட்டிய வெட்டு. அந்த வெட்டோடு அதைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது தொண்டி காதர் பாய். கயிறு பிடித்துக் கை காட்டியது திருவாடானை கருப்பையா ஆகிய நான். நாற்பது பேர் அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு உயிரோடு அறைக்குத் திரும்பினார்கள். நீங்கள் விளக்குப் போட்டுக் காட்டுகிற சாமான் துண்டு துண்டாகப் பழைய இரும்புக்குப் போகாமல் முழுசாக உங்களிடம் வந்தது.

அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டு எங்கள் மூன்று பேர் பெயரையும் போடுங்கள். ஊரோடு போடுங்கள். யார் வெட்டச் சொன்னது, யார் நிறுத்தியது என்று இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

என் பெயர் முதலில் இருக்க வேண்டும். தப்பு என்னுடையது.